ஓய்வு விசா

எனக்கு இந்த ஊரில் தங்கக் கொடுத்திருக்கிற விசாவுக்கு ‘ஓய்வு விசா’ என்று பெயர். அதை முதன்முதலில் எனக்குச் சொன்னது எங்கள் எதிர்வீட்டு நூருன்னிசாதான் தாயி. மூன்று வருஷத்துக்கு முன்னால், சரஸ்வதி பூசைக்கு மறுநாள், லிஃப்டுக்குள் வைத்துச் சொன்னாள். கீழக்கரைக்காரி. வீட்டுக்காரருக்கு இந்த பாங்காக்கில் ரத்தினக் கல் வியாபாரம். என் இரண்டு கையிலும் மாவு வாளி. அதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, ஓய்வு விசாவுல வந்துட்டு இம்புட்டு வேலை பாக்குறீங்களே, போலீஸ்காரன் புடிச்சிரப் போறான்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று வீட்டுக்குள் வந்த பிறகுதான் யோசித்தேன்.

நீ உட்கார் தாயி. அந்த நாற்காலிக்கு ஆள் வராது. என் மகள் வாசுகி உட்கார்ந்திருந்த இடம்தான். போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறாள், அண்ணனோடு சண்டை போட. வர நேரமாகும். உன் நெற்றியில் திருநீற்றைப் பார்த்ததும் நம்ம பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்துகொண்டேன். படிக்க வந்தாயா? நல்லது. நான் பேசுகிறது தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடு. காலையிலிருந்து இந்த விசா ஆபீஸ் கட்டடத்துக்குள் எனக்குப் புரிகிற மாதிரி ஒருவரும் பேசவில்லை. என் மகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. என் பிள்ளைகள் இரண்டும் தங்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் போடி. தேனிக்கு அந்தப் பக்கம். வீட்டுக்காரர் போடி–மதுரை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. மூத்தவன் ராஜபாண்டி சிங்கப்பூரில், இளையவள் வாசுகி இங்கே. அவர் போன பிறகு போடியில் இருந்த வீட்டை விற்று ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். வீட்டைப் பிரிக்க முடிந்தது, என்னைப் பிரிக்க முடியவில்லை. அப்போது வாசுகிக்கு இரண்டாவது பிள்ளை அகில் கைக்குழந்தை. அதனால் நான் அவள் பங்குக்கு வந்தேன். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

நூருன்னிசா சொல்லுகிற வரைக்கும் நான் இதை ‘வாசுகி விசா’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகளைப் பெற்றவள் மகள் வீட்டில் இருக்கிறாள், அதற்கு ஒரு முத்திரை குத்துகிறார்கள் என்று. அன்றைக்குச் சாயங்காலம் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் காட்டினேன். விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இந்தா, வேலை செய்யத் தடைன்னு போட்டிருக்கும்மா” என்றாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. சட்டத்துக்கு விரோதமாக நடக்கலாமா? நான் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். வாசுகியிடம் கேட்டேன்.

“எம்மா, அது ஆபீஸ் போயி சம்பளம் வாங்குறவுகளுக்குச் சொன்னது. வீட்டு வேலையெல்லாம் வேலையா?” என்றாள்.

சரிதானே தாயி? நானும் ஐம்பது வருஷமாக அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறேன். விடிகிறதுக்கு முன்னால் எழுந்து, பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்து, மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, துணி, பாத்திரம். மத்தியானம் கண் அசருகிற நேரத்துக்கு அகிலுடைய ஸ்கூல் வேன் வந்துவிடும். இதெல்லாம் வேலையா? மாவு மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. இங்கே இருக்கிற நம்ம ஆட்களுக்கு வாசுகி இட்லி மாவு விற்கிறாள். போனில் ஆர்டர் வரும். ‘வாசுகி வீட்டு மாவு’ என்றால் தனிப் பெயர். ஆட்டுகிறது நான்தான். ஆனால் காசு வாங்குகிறது நான் இல்லையே. அதனால் தடை எனக்கு ஒட்டாது என்று வாசுகி சொன்னாள். சட்டம் தெரிந்த பிள்ளை.

மிக்சர் சாப்பிடுகிறாயா? என்ன குளிர் குளிர்கிறது இந்த ஏசி. இந்தா, எடுத்துக்கொள்.

இந்த விசாவுக்கு என்ன வேண்டும் என்றால் தாயி, எனக்கு வெளிநாட்டிலிருந்து மாசா மாசம் வருமானம் வர வேண்டுமாம். அறுபத்தைந்தாயிரம் பாட். நம்ம பணத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேலே போகும். வருஷம் முழுக்க ஒரு மாசம் விடாமல் வர வேண்டும், வந்தது என்று பாங்கில் காகிதம் வாங்கி இங்கே காட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் வருஷம் முழுக்க விசில் ஊதினாலும் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு ஏது?

பிள்ளைகள் எனக்காக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாசம் பிறந்தால் ராஜபாண்டி சிங்கப்பூரிலிருந்து என் கணக்குக்குப் போட்டுவிடுவான். வாசுகி போனில் ‘டிங்’ என்று மணியடிக்கும். மறுநாள் காலையில் அவள் அடுப்படிக்கு வந்து, “எம்மா, விரலு” என்பாள். நான் விரலை நீட்டுவேன். போனில் கைரேகை வைத்தால் பணம் அவன் கணக்குக்கே திரும்பிப் போய்விடும். மாவு ஆட்டின ஈர விரலைப் போன் ஏற்காது. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பேன். என் பேரில் வருகிற பணத்தில் என் பங்கு அந்த விரல் மட்டும்தான்.

அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பணத்தை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? வெள்ளிக்கிழமை சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போக நூறு பாட் கேட்பேன். அங்கே போயிருக்கிறாயா? இந்த ஊர்ப் பெண்கள் எவ்வளவு பக்தியாக மண்டி போட்டுக் கும்பிடுகிறார்கள் தெரியுமா, நமக்கே வெட்கமாக இருக்கும். “எதுக்கும்மா நூறு? மாலை அறுபதுதான?” என்பாள் வாசுகி. சிக்கனமான பிள்ளை. மீதி நாற்பதைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேத்தி நிவேதா பெரியவளானாள். அங்கேதான் வினை பிடித்தது.

இங்கே எதற்கடி சடங்கு, வீட்டோடு தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். வாசுகி கேட்கவில்லை. ஜூன் முதல் தேதிக்கு ஒரு ஓட்டலில் கூடம் பிடித்தாள். மாவு வாங்குகிற எல்லாரையும் கூப்பிட்டாள். எல்லாரும் தாய்மாமனைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்ம பக்கம் தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு உண்டா? வாசுகிக்கு நாங்கள் சடங்கு வைத்தபோது என் அண்ணன் மேளம் வைத்து, பட்டு, வெள்ளிக் கொலுசு, பழம், பலகாரம் என்று தெருவை அடைத்துக்கொண்டு தட்டோடு வந்தான். கடன் வாங்கித்தான் செய்தான், ஆனால் வந்தான்.

ராஜபாண்டியும் வந்தான். பொண்டாட்டியோடு ஏரோப்ளேனில் வந்து இறங்கினான். கையில் ஒரு பழக்கூடை, ஒரு கவர். கவருக்குள் ஏதோ ஒரு கடைச் சீட்டு. நகையோ புடவையோ, அந்தச் சீட்டைக் கொடுத்து நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அதுவும் சிங்கப்பூர்க் கடை.

“மாமா, இந்தக் கடை இங்க இல்லியே” என்று நிவேதா கேட்டாள்.

“லீவுக்கு வர்றப்ப எடுத்துக்கோடா செல்லம்” என்றான்.

லீவுக்கு வாங்க என்று அவன் இதுவரைக்கும் யாரையும் கூப்பிட்டதில்லை. மருமகளுடைய அம்மா அங்கே உள் ரூமில் இருக்கிறார்கள். இடம் கிடையாது.

வாசுகி கூடத்தில் சிரித்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்து அழுதாள். நான் ஒன்றும் தூண்டிவிடவில்லை தாயி. அம்மன் சத்தியமாகச் சொல்கிறேன். பாத்திரத்தை அடுக்கிக்கொண்டே, “எங்கண்ணன் தெருவடைச்சுத் தட்டோட வந்தான்” என்று மட்டும் சொன்னேன். நடந்ததைச் சொல்வது தப்பா? மறுநாள் போனில் டிங் என்று சத்தம் கேட்டதும், “இந்தா, வந்துருச்சு பாரு ஒங்கண்ணன் பணம்” என்றேன். அதுவும் ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்.

அந்த மாசம் வாசுகி விரல் கேட்டு வரவில்லை. என் கணக்கின் ஏடிஎம் கார்டு எப்போதும் அவளிடம்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து ராஜபாண்டி போன் போட்டான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில்தான் பேசினார்கள். நான் உளுந்து களைந்துகொண்டிருந்தேன்.

“பணம் வரலியே?” என்றான்.

“அது தாய்மாமன் சீர்னு வச்சுக்கிட்டேண்ணே. நிவேதாவுக்கு ஒரு செயின் எடுத்துட்டேன்.”

“ஏண்டி, அது சீருக்கு அனுப்புன பணமாடி? அது அம்மா பணம்டி!”

ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அது என் பணம் என்று ஒரு வாயிலிருந்து கேட்டேன். உளுந்துத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டேன். கூட உளுந்தும் போய்விட்டது. “எம்மா, கவனமே இல்லையா ஒனக்கு?” என்று வாசுகி கத்தினாள்.

ஜூலை மாசம் அவன் அனுப்பவில்லை. ரோஷக்காரன், அப்படியே அவன் அப்பா மாதிரி. செயினைத் திருப்பிக் கொடு, அப்புறம் அனுப்புகிறேன் என்று நின்றான். பிள்ளை கழுத்தில் போட்டதைக் கழற்ற முடியாது என்று இவளும் நின்றாள். நான் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன், செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தேன். மாசக் கடைசியில் வாசுகி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: “அப்ப அம்மாவ நீயே கூட்டிக்கிட்டுப் போயி வச்சுக்கோ.”

அவ்வளவுதான். மறுநாளே டிங். ஆகஸ்டு முதல் தேதி, காலையிலேயே. அண்ணன் தங்கச்சி பாசம் விட்டுப் போகுமா தாயி? எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் ஜூலை காலியாகக் கிடந்தது. அது இப்படி வினையாகும் என்று அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. போன மாசத்துக்கும் சேர்த்து அனுப்பிவிடு என்று மாப்பிள்ளை சொன்னார், அவனும் இரண்டு மடங்காகப் போட்டான். இரண்டு மடங்கு வந்தால் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தோம். நேற்று விரதத்தை விட்டுவிட்டு இன்றைக்கு இரண்டு வேளை பட்டினி கிடந்தால் சாமி ஏற்றுக்கொள்ளும். கவர்மெண்டு ஏற்றுக்கொள்ளாதாம்.

செப்டம்பரில் மாப்பிள்ளை இங்கே யாரையோ விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். மாசா மாசம் வரவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. எட்டு லட்சம் பாட்டை என் பேரில் ஒரேயடியாகப் போட்டு வைக்க வேண்டும். முன்கூட்டியே இரண்டு மாசம் கிடக்க வேண்டும், விசா கிடைத்த பிறகும் கொஞ்ச நாள் எடுக்கக் கூடாது. ஆளுக்கு நாலு போட்டால் முடிந்தது. பணம் எங்கேயும் போகாது, பாங்கிலேயே இருக்கும்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பேசினார்கள். ராஜபாண்டி போனில் இருந்தான். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்படிக்கும் மேசைக்கும் நடுவே சுவர்கூட இல்லை தாயி, இந்த ஊர் வீடு அப்படி.

“போடலாம்தான்” என்றான் ராஜபாண்டி. “ஆனா அம்மா பேர்ல அம்புட்டுப் பணம் கெடக்கு, திடீர்னு அம்மாவுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? அந்த ஊரு பாங்குல பணம் மாட்டிக்கிரும்ல? கோர்ட்டு கேசுன்னு எவன் அலையுறது?”

“அதத்தாண்ணே நானும் சொல்றேன்” என்றாள் வாசுகி.

மூன்று மாசமாக முட்டிக்கொண்டிருந்த அண்ணனும் தங்கச்சியும் அன்றைக்கு ஒரே வார்த்தையில் ஒன்றாகிவிட்டார்கள். நான் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, “எனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா, நான் அம்மன்கிட்ட வேண்டிக்கிறேன்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்கள். மாப்பிள்ளை மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், “அத்தே, இன்னொரு தோசை” என்றார்.

அந்த எட்டு லட்சம் இல்லாமலே இன்றைக்கு வந்துவிட்டோம். வருகிற வழியில் வாசுகி சொல்லிக்கொடுத்தாள்: “நீ எதுவும் பேசாத. சிரிச்ச மொகமா இரு.” எனக்கு இந்த ஊர்ப் பாஷையும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. பேசாதே என்று சொல்ல வேண்டியதே இல்லை.

ஆபீசர் சின்னப் பெண். நம்ம நிவேதாவை விடப் பத்து வயது கூட இருக்கும். மேசையில் ஒரு பிள்ளையார் வைத்திருந்தாள் தாயி! ரோசாப்பூ நிறத்தில், ஒரு சாண் உயரத்தில். முன்னால் படையலாக ஒரு சிவப்புச் சோடா பாட்டில், ஸ்ட்ரா போட்டு. எனக்கு உயிர் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். “எம்மா, மானத்த வாங்காத” என்று வாசுகி கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு ‘யாய்’ என்று கூப்பிட்டாள். இங்கே பாட்டிக்கு யாய் என்று சொல்வார்கள். என் பேரையும் படித்துப் பார்த்தாள். பேச்சியம்மாள் என்று வாயில் நுழையவில்லை. மூன்று தடவை முயற்சி பண்ணினாள். என் பேரைச் சொல்ல அவ்வளவு பாடுபட்ட ஆள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

என்னைக் காட்டி வாசுகியிடம் என்னவோ கேட்டாள். வாசுகி இரண்டு கையையும் குவித்துக் காட்டி என்னவோ சொன்னாள். என்ன என்று அப்புறம் கேட்டேன். “நாள் பூரா நீ என்ன செய்வன்னு கேட்டா. சாமி கும்பிடுவாங்கன்னு சொன்னேன்” என்றாள். அந்தப் பெண் என் கையைப் பார்த்தாள். உளுந்தில் ஊறி ஊறி நகக்கண்ணெல்லாம் எப்படி வெளுத்துப் போயிருக்கிறது பார். நான் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். பொய் சொன்னதாக ஆகக் கூடாது பார், பெற்ற பிள்ளை வார்த்தை.

அப்புறம் பாங்கு காகிதத்தைப் புரட்டினாள். ஜூன், சரி. ஆகஸ்டு, சரி. நடுவில் விரலை வைத்து நிறுத்தினாள். எனக்குப் பாஷை தெரியாவிட்டாலும் அந்த விரல் தெரிந்தது. வாசுகி என்னென்னவோ சொன்னாள். அடுத்த மாசம் இரண்டு மடங்கு வந்ததைக் காட்டினாள். ஆபீசர் பெண் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கோபமாக இல்லை. வருத்தமாகத்தான் ஆட்டினாள். நான் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் அந்தப் பக்கத்துக்குத்தானே பேசுவார்?

விசா இல்லையாம். ஏழு நாளுக்குள் கிளம்ப வேண்டுமாம்.

ஜூலையில் ஏன் பணம் வரவில்லை என்று அந்தப் பெண் கேட்டிருப்பாள். தாய்மாமன் ஒற்றைக் கூடையோடு வந்த கதையை வாசுகி எந்தப் பாஷையில் சொல்வாள்?

வெளியே வந்து உட்கார்ந்ததும் வாசுகி முதலில் சொன்னது, “ஐயையோ, கார்த்திகைக்கு முப்பது கிலோ மாவு ஆர்டர் இருக்கே” என்றுதான். பதற்றத்தில் வந்த வார்த்தை. பாசம் இல்லாமல் இல்லை. ராஜபாண்டிக்குப் போன் போட்டாள். அவன் என்னிடமும் பேசினான். “எம்மா, கவலப்படாத. கொஞ்ச நாளைக்குப் போடிக்குப் போயி குருவம்மா சித்தி வீட்ல இரு. நாங்க புதுசா விசா போட்டுக் கூட்டியாந்துர்றோம்” என்றான்.

குருவம்மா என் தங்கச்சி. மகன் வீட்டில் இருக்கிறாள். மகனும் மருமகளும் இரண்டு ரூமில் இருக்கிறார்கள். அவளே அங்கே சொல்லடி பட்டுக்கொண்டிருக்கிறாள். அதை ராஜபாண்டியிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசுகி போனைப் பிடுங்கிக்கொண்டு, “டிக்கெட்டு யாரு போடுறது?” என்று கேட்டாள். அப்படிக் கேட்டுக்கொண்டே வெளியே போனவள்தான். அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பச்சைச் சுடிதார். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள் பார், அவள்தான். ரொம்பச் சுறுசுறுப்பு. நல்ல பிள்ளை.

நான் யாரையும் சொல்லவில்லை தாயி. இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். போகச் சொன்னால் போகிறேன். என் வீட்டுக்காரர் சொல்வார், பஸ்ஸில் ஏறிவிட்டு எங்கே இறங்கணும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள் சில பேர், அவர்களை நடு வழியில் இறக்கிவிடவும் மனசு வராது, கடைசி ஸ்டாப்பு வரை கூட்டிப் போகவும் முடியாது என்று. பெரும்பாலும் அவர் டெப்போ வாசலில் இறக்கிவிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுப்பார்.

பாஸ்போர்ட்டு உள்ளே இருக்கிறது. அந்த ஏழு நாள் முத்திரையைக் குத்திக் கொடுப்பார்களாம். அதற்குத்தான் இந்தச் சீட்டு. இதில் இருக்கிற நம்பர் அந்தப் பலகையில் சிவப்பாக வரும். இன்னும் நிறைய நம்பர் இருக்கிறது போல.

எனக்குக் கண்ணைச் சுழற்றுகிறது தாயி. நேற்று ஆட்டின மாவு, விடிய விடிய வேலை. நான் இப்படியே கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன். இந்தச் சீட்டை நீ வைத்துக்கொள். நம்பர் வந்தால் என்னை எழுப்பு. வாசுகி வந்தால் எழுப்பாதே.